ஏரியோரப் பனிமலைக்குக் குடும்பத்தோடு: சிங்கப்பூரிலிருந்து திட்டமிடுவது எப்படி

முதலில் தேதியை முடிவு செய்யுங்கள், ஊரை அப்புறம் பார்க்கலாம். நம் ஊரில் பனிச்சறுக்கு என்று பேச்செடுத்தாலே எல்லோரும் ஜூன் விடுமுறை, டிசம்பர் விடுமுறை என்றுதான் தொடங்குகிறார்கள். நீண்ட விடுமுறை, பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை, அப்பா அம்மாவுக்கும் லீவு எடுக்க வசதி, எல்லாம் சரி. ஆனால் பனிக்கு வேறு கணக்கு.

நியூசிலாந்தில் சறுக்கு மலைகள் பெரும்பாலும் ஜூன் நடுவில்தான் திறக்கின்றன. திறந்த முதல் இரண்டு மூன்று வாரம் பனி மெலிசாக இருக்கும், இயந்திரம் வைத்துத் தூவிய பனியை நம்பிச் சில பாதைகள் மட்டும் ஓடும், அதற்குள் நமக்குப் பள்ளி திறந்துவிடும். ஜப்பானில் டிசம்பர் தொடக்கமும் அப்படித்தான். ஹொக்கைடோவில் கிறிஸ்துமஸ் நெருங்கும்போது பனி நன்றாகச் சேர்ந்துவிடும், ஆனால் கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை அறை வாடகை உச்சத்தில் நிற்கும், சீனப் புத்தாண்டுக்கு மறுபடி ஏறும்.

நான் சொல்வது மார்ச்சிலும் செப்டம்பரிலும் வரும் ஒரு வார விடுமுறைகளை. ஒரு வாரம் போதுமா என்று கேட்பீர்கள். முதல் முறை போகும் குடும்பத்துக்கு நான்கு நாள் சறுக்கினாலே கால் கெஞ்சும், அதனால் தாராளமாகப் போதும். மார்ச் நடுவில் ஹொக்கைடோவில் குளிர்காலம் முழுக்க விழுந்த பனி அப்படியே கிடக்கும், கூட்டம் குறைந்திருக்கும், குளிரும் ஜனவரி அளவுக்குக் கடிக்காது. காலையில் தரை இறுகி வழுக்கும், மதியத்துக்கு மேல் ஈரமாகிக் கனக்கும், ஆகவே புதியவர்களுக்கு நடுக்காலை வகுப்புதான் நல்லது. செப்டம்பர் தொடக்கத்தில் நியூசிலாந்தின் குவீன்ஸ்டவுன் பக்கம் பனி நல்ல ஆழத்தில் இருக்கும், ஜூலையில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் பள்ளி விடுமுறையில் வந்த கூட்டமும் வடிந்திருக்கும். ஒன்றுதான் இடைஞ்சல்: வீட்டில் தொடக்கநிலை 6 படிக்கும் பிள்ளை இருந்தால் செப்டம்பரை மறந்துவிடுங்கள். அந்த மாதக் கடைசியில் பிஎஸ்எல்இ எழுத்துத் தேர்வு இருக்கும்போது யாருக்கும் நிம்மதியாகச் சறுக்க மனம் வராது.

ஆக, மார்ச் என்றால் ஹொக்கைடோ, செப்டம்பர் என்றால் குவீன்ஸ்டவுன். டிசம்பர்தான் முடியும் என்றால் கடைசி வாரம் ஹொக்கைடோ, அதற்கும் ஆண்டின் நடுவிலேயே அறை பிடித்துவிட வேண்டும்.

ஏரி ஒரு இடம், மலை இன்னொரு இடம்

ஏரியோர விடுதியைப் பதிவு செய்பவர்கள் பலர் ஜன்னலைத் திறந்தால் வெளியே பனி குவிந்து கிடக்கும் என்று நினைக்கிறார்கள், பிள்ளைகளிடமும் அப்படியே சொல்லி வைக்கிறார்கள். குவீன்ஸ்டவுனில் பெரும்பாலும் அது நடக்காது. ஊர் இருப்பது வாகடிப்பு ஏரிக்கரையில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 310 மீட்டர் உயரத்தில். பக்கத்தில் உள்ள கோரோனட் பீக் சறுக்கு மலையின் உச்சி 1,649 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு, அப்படியென்றால் ஏரிக்கரையில் 6 டிகிரியில் மழை தூறும்போது உச்சியில் பனி விழுந்துகொண்டிருக்கும். ஊரில் மழை பெய்கிறது, இன்றைக்குச் சறுக்க முடியாது என்று அறையிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். மலையின் கேமரா படத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எல்லாச் சறுக்கு மலைகளும் தங்கள் பக்கத்தில் நேரடிக் கேமராவும் அன்றைய பனி அறிக்கையும் காலையிலேயே போட்டுவிடுகின்றன.

இந்த ஏரி உறையாது. குளிர்காலத்தில் மேல்மட்டத் தண்ணீர் குளிர்ந்து கனமாகிக் கீழே இறங்கும், அடியில் இருக்கும் சற்று வெதுவெதுப்பான தண்ணீர் மேலே வரும். தண்ணீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தி என்பதால், ஏரி முழுக்க அந்த அளவுக்குக் குளிர்ந்த பிறகுதான் மேல்பரப்பு இன்னும் குளிர்ந்து உறையத் தொடங்கும். வாகடிப்பு ஏறத்தாழ 380 மீட்டர் ஆழம், அது முழுக்கக் குளிர்வதற்குள் வசந்தம் வந்துவிடுகிறது. ஹொக்கைடோவின் டோயா ஏரி சுமார் 180 மீட்டர் ஆழம், அதுவும் உறைவதில்லை. கலிஃபோர்னியா, நெவாடா எல்லையில் இருக்கும் டாஹோ ஏரி 501 மீட்டர், அதுவும் அப்படியே. சுற்றிலும் வெள்ளை மலை, நடுவில் ஆழ்ந்த நீலத் தண்ணீர் என்ற காட்சி கிடைப்பது இதனால்தான். சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் ஏரி நேர்மாறு, அது கெட்டியாக உறைந்து பிப்ரவரியில் அதன் மேல் குதிரைப் பந்தயமே நடக்கும். எந்த ஊராக இருந்தாலும் உறைந்த ஏரியின் மேல் நடக்கலாம் என்று அந்த ஊர் நிர்வாகம் அறிவித்திருந்தால் மட்டும் கால் வையுங்கள். நமக்குப் பனிக்கட்டியைப் பார்த்து அதன் கனத்தைச் சொல்லத் தெரியாது.

டாஹோ அழகில் எதற்கும் குறைந்ததில்லை, 1960 குளிர்கால ஒலிம்பிக் அங்கேதான் நடந்தது. ஆனால் சான்ஃபிரான்சிஸ்கோவுக்கே பதினைந்து மணி நேரத்துக்கு மேல் பறந்து, அங்கிருந்து இன்னும் நான்கு மணி நேரம் காரில் போக வேண்டும். ஒரு வாரத்துக்கு அது வேண்டாம். இரண்டு வாரம் லீவு இருந்தால் யோசிக்கலாம்.

டோயாவுக்குப் போவதென்றால் என் யோசனை, தங்குவதை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று இரவு ருசுட்சு சறுக்கு மலையடியில், அடுத்த இரண்டு இரவு ஏரிக்கரை வெந்நீர் ஊற்று விடுதியில். இரண்டுக்கும் இடையே காரில் அரை மணி நேரம் போலத்தான், ஆனால் பொதுப் பேருந்து குறைவு. அதனால் விடுதி வாகன வசதி தருகிறதா என்று முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ரயிலில் வருபவர்களுக்கு ஒன்று: டோயா ரயில் நிலையம் கடலோரத்தில் இருக்கிறது, ஏரிக்கரையில் இல்லை. இறங்கி அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும்.

சறுக்காதவர்களுக்கும் ஒரு திட்டம்

நம் குடும்பங்களில் எல்லோரும் சறுக்கப் போவதில்லை. தாத்தா பாட்டி வருவார்கள், முழங்கால் வலி உள்ள அத்தை வருவார், கைக்குழந்தை இருக்கும். இவர்களை மலை மேல் இருக்கும் ஓர் உணவகத்தில் எட்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் சறுக்கப் போவது பெரிய அநியாயம், அப்படி நடப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். ஏரியோர ஊரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே அவர்களுக்காகத்தான். விடுதியைச் சறுக்குகிறவர்களின் வசதிக்குப் பார்க்காமல், சறுக்காதவர்களின் நடைக்குப் பாருங்கள்: வெளியே வந்தால் சமதரையில் நடந்து ஏரிக்கும் கடைகளுக்கும் போக முடிகிறதா, படிக்கட்டு எத்தனை, லிஃப்ட் இருக்கிறதா.

குவீன்ஸ்டவுனில் ஏரியை ஒட்டிய பூங்காவில் மெதுவாக நடக்கலாம், கேபிள் காரில் மலை மேல் போய் ஊரைப் பார்க்கலாம். 1912இலிருந்து ஓடும் எர்ன்ஸ்லா என்ற நிலக்கரி நீராவிக் கப்பல் இருக்கிறது. எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுவதை மேலே நின்றே பார்க்க முடியும், கப்பலில் வேலை பார்த்த தாத்தாக்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் கண்டிப்பாகக் கூட்டிப் போங்கள். பராமரிப்புக்காக ஆண்டில் சில வாரம் நிறுத்துவார்கள், நீங்கள் போகும் நாளில் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டோயாவில் ஏரிக்கரையிலேயே கால் நனைக்கும் வெந்நீர்த் தொட்டிகள் உண்டு, பாட்டி புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டார். பக்கத்தில் ஷோவா ஷின்சான் என்ற மலை, 1943க்கு முன் அது வெறும் விளைநிலம். எரிமலை அடியிலிருந்து தள்ளி இரண்டு ஆண்டில் மலையாக எழும்பி நிற்கிறது.

வெந்நீர் ஊற்றுக் குளியலைப் பற்றி முன்பே சொல்லிவிடுகிறேன். ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனிதான், ஆனால் உள்ளே துணியில்லாமல்தான் இறங்க வேண்டும். நம் வீட்டில் பலருக்கு இது ஒத்துவராது. குடும்பத்துக்கென்று மணிக்கணக்கில் தனியறைக் குளியல் தரும் விடுதிகள் உண்டு, அறை பிடிக்கும்போதே அதையும் கேளுங்கள்.

கடப்பிதழ், விசா

ஒரே வீட்டில் ஒருவர் சிங்கப்பூர்க் குடிமகன், இன்னொருவர் இந்தியக் கடப்பிதழோடு நிரந்தரவாசி என்று நிறையப் பேர் இருக்கிறோம். சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு ஜப்பானுக்கு விசா தேவையில்லை. நியூசிலாந்துக்கு மின்னியல் பயண அனுமதியும் 100 நியூசிலாந்து வெள்ளிப் பார்வையாளர் கட்டணமும் போதும். இந்தியக் கடப்பிதழுக்கு இரண்டு நாட்டுக்கும் விசா வேண்டும், நிரந்தரவாசி அட்டை இருந்தாலும் அப்படித்தான். சிங்கப்பூரிலிருந்து குவீன்ஸ்டவுனுக்கு நேர் விமானம் கிடையாது, எங்காவது மாற வேண்டும். சிட்னி, மெல்பர்ன் வழி மலிவாகத் தெரியும், ஆனால் இந்தியக் கடப்பிதழுக்கு ஆஸ்திரேலியாவைக் கடந்துபோகவும் விசா கேட்பார்கள். கிறைஸ்ட்சர்ச் அல்லது ஆக்லாந்து வழி போனால் அந்தத் தொல்லை இல்லை. விசா கையில் வரும்வரை பணம் திரும்பக் கிடைக்காத எதையும் வாங்காதீர்கள்.

உடுப்பு

மூன்று அடுக்கு: உடம்பை ஒட்டி ஒரு தெர்மல், அதன் மேல் ஃபிளீஸ், எல்லாவற்றுக்கும் மேல் தண்ணீரும் காற்றும் புகாத ஜாக்கெட், கால்சட்டை. பருத்தி மட்டும் வேண்டவே வேண்டாம். வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மலை மேல் ஏற்றிப்போகும் நாற்காலி லிஃப்டில் உட்காரும்போது முதுகைச் சில்லிட வைத்துவிடும். ஜீன்ஸ் ஒரு முறை விழுந்தாலே நனைந்து கனத்துவிடும். ஜாக்கெட்டையும் கால்சட்டையையும் இங்கேயே வாடகைக்கு எடுக்கலாம், அல்லது சொந்தக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், யார் வீட்டிலாவது அலமாரி மேல் பெட்டிக்குள் சும்மாதான் கிடக்கும். காசு போட்டு வாங்க வேண்டியது கையுறை, பனிச்சறுக்குக் கண்ணாடி, காலுறை. நனையாத கையுறை இல்லாத பிள்ளை அரை மணி நேரத்தில் அழத் தொடங்கும். சன்ஸ்கிரீனை விட்டுவிடாதீர்கள், புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், கருத்த தோலும் கன்றிப்போகும்.

நம் பெண்களுக்குச் சில விஷயங்கள், இதை வாடகைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். கண்ணாடி வளையல்களைக் கிளம்பும் முன்பே கழற்றி வைத்துவிடுங்கள், விழுந்தால் கையுறைக்குள் உடைந்து கிழிக்கும். மோதிரத்தையும் கழற்றுங்கள். தாலிச் சங்கிலி தெர்மலுக்கு உள்ளே, தோலை ஒட்டி இருக்கட்டும். கொண்டை போட்டால் ஹெல்மெட் உட்காராது, கழுத்தோரம் தாழ்வாக ஒற்றைப் பின்னல் போட்டு அதை ஜாக்கெட்டுக்குள் விட்டுவிடுங்கள். வெளியே தொங்கும் பின்னல் லிஃப்ட் நாற்காலியில் சிக்கும்.

பூட்ஸும் முதல் வகுப்பும்

சறுக்குக் கட்டைகளையும் பூட்ஸையும் அங்கேயே வாடகைக்கு எடுப்பதுதான் சரி. எடுக்கும்போது பூட்ஸுக்கு மட்டும் நேரம் கொடுங்கள், பயணம் இனிப்பதும் கசப்பதும் அதில்தான். காலுறை ஒன்றே ஒன்று, மெல்லியது, முழங்கால்வரை நீளமானது. குளிருமே என்று இரண்டு போட்டால் ரத்த ஓட்டம் தடைபட்டு இன்னும் குளிரும். தெர்மல் கால்சட்டையின் விளிம்பு பூட்ஸுக்குள் போகக்கூடாது, அந்த ஒரு மடிப்பு மதியத்துக்குள் முன்கால் எலும்பில் புண் போட்டுவிடும், ஆகவே மேலே இழுத்துவிட்டு பூட்ஸின் விளிம்புக்கு மேல் நிறுத்துங்கள். காலை நுழைத்துக் குதிகாலைப் பின்பக்கம் தட்டி உட்கார வைத்து, பிறகு கொக்கிகளை மாட்டுங்கள். நேராக நிற்கும்போது விரல் நுனி முன்னே லேசாகப் படவேண்டும், முழங்காலை மடக்கி முன்னே சாய்ந்தால் விரல் பின்னே வந்துவிட வேண்டும். முன்கால் முழுக்க இறுக்கமாக இருப்பது சரிதான். ஒரே இடத்தில் குத்தினால் வேறு ஜோடி கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம், தினமும் நூறு பேர் மாற்றிக் கேட்கிறார்கள்.

எடை எவ்வளவு என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். எடை, உயரம், வயது, அனுபவம் இவற்றை வைத்துத்தான் கட்டை எந்த விசையில் காலைவிட்டுக் கழல வேண்டும் என்று அமைக்கிறார்கள். அனுபவத்தைக் கூட்டிச் சொன்னால் விழும்போது கட்டை கழலாமல் முழங்கால் திருகும்.

வகுப்பு இல்லாமல் மலை ஏறாதீர்கள். ஒரு முறை சறுக்கிய கணவர் மனைவிக்குக் கற்றுத் தருகிறேன் என்று இறங்குவதையும் அனுமதிக்காதீர்கள், அன்று மாலை இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். ருசுட்சு, நிசேகோ, குவீன்ஸ்டவுன் எல்லாவற்றிலும் ஆங்கிலத்தில் சொல்லித் தருவார்கள். முதல் அரை மணி நேரம் சமதரையில் ஒரு காலில் மட்டும் கட்டையை மாட்டித் தள்ளித் தள்ளி நடக்க வைப்பார்கள். பிறகு இரண்டு கட்டைகளின் முன்நுனிகளைச் சேர்த்துப் பின்பக்கத்தை விரித்து நிற்கச் சொல்வார்கள், அதுதான் பிரேக். பிள்ளைகளுக்கு அதைப் பீட்சாத் துண்டு என்று சொல்லித் தருவார்கள், நம் பிள்ளைகளுக்கு உடனே புரியும். அப்புறம் நகரும் கம்பளத்தில் நின்று சின்ன மேடு ஏறி, பீட்சா போட்டுக்கொண்டே இறங்குவது. அன்றைக்கு இவ்வளவுதான். ஆகவே முதல் நாளுக்கு மலை முழுவதற்குமான லிஃப்ட் சீட்டு வாங்கிக் காசைக் கொட்டாதீர்கள், பல இடங்களில் தொடக்கப் பகுதிக்கு மட்டும் மலிவான சீட்டு உண்டு.

இங்கேயே செய்யக்கூடிய ஒரு தயாரிப்பு இருக்கிறது. உங்கள் வீவக புளோக்கில் லிஃப்டில் மேலே போய்ப் படிக்கட்டில் இறங்குங்கள், வாரம் மூன்று நாள், கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பிருந்தே. சறுக்கும்போது வேலை செய்வது தொடையின் முன்பக்கத் தசை, படி இறங்கும்போது அதே தசைதான் எடையைத் தாங்கிப் பிடிக்கிறது.

சாலை, சாப்பாடு, காப்புறுதி

நியூசிலாந்திலும் ஜப்பானிலும் நம்மைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், நியூசிலாந்தில் நம் உரிமமே செல்லும், ஜப்பானுக்குச் சிங்கப்பூர் ஆட்டோமொபைல் சங்கத்தில் அனைத்துலக ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும். இருந்தும், மலைச் சாலைக்கு நீங்கள் ஓட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. தார் நிறத்திலேயே கண்ணுக்குத் தெரியாமல் படியும் பனிக்கட்டியை விரைவுச்சாலையில் ஓட்டிப் பழகிய கை சமாளிக்காது. குவீன்ஸ்டவுன் ஊருக்குள்ளிருந்தே மலைக்குப் பஸ் போகிறது, கோரோனட் பீக் அரை மணி நேரத்துக்குள். வனாகா ஏரிக்குப் போகும் கிரவுன் ரேஞ்ச் சாலை 1,076 மீட்டர்வரை ஏறுகிறது, குளிர்காலத்தில் அங்கே சக்கரத்துக்குச் சங்கிலி கையில் இல்லாமல் போகவே கூடாது.

குவீன்ஸ்டவுனில் இந்திய உணவகங்கள் உண்டு, சைவத்துக்குக் கவலையில்லை. டோயாவில் சைவம் சிரமம், காய்கறி சூப் என்று தருவதிலும் மீன் சாறு இருக்கும். சின்ன ரைஸ் குக்கர், பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், அப்பளம் எடுத்துப் போங்கள். நியூசிலாந்துக்குப் போனால் எல்லாச் சாப்பாட்டுப் பொருளையும் வருகை அறிவிப்பில் ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். தேன் கூடாது, தேக்காவில் வாங்கிய பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது, அறிவிக்காமல் பிடிபட்டால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து வெள்ளி அபராதம். ஜப்பானுக்கு இறைச்சி சேர்ந்த எதையும், கடையில் அடைத்து விற்பதைக்கூட, கொண்டுபோகாதீர்கள்.

பயணக் காப்புறுதி வாங்கும்போது பனிச்சறுக்கு என்ற சொல் உள்ளே இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. பல திட்டங்கள் குறியிட்ட பாதைக்குள் நடந்த விபத்துக்கு மட்டுமே தரும், கயிறு தாண்டிப் போனால் ஒன்றும் கிடைக்காது. நியூசிலாந்தில் விபத்துக் காயத்துக்குச் சுற்றுப்பயணிகளுக்கும் அரசின் விபத்து இழப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவில் உதவும், ஆனால் காலில் கட்டோடு சிங்கப்பூருக்குத் திரும்பும் விமானச் செலவை அது தராது. அதற்குக் காப்புறுதிதான்.

கடைசி நாளைக் காலியாக விடுங்கள். குவீன்ஸ்டவுன் விமான நிலையம் மலைகளுக்கு நடுவே இருப்பதால் காற்றோ பனிமூட்டமோ வந்தால் விமானம் ரத்தாகும், ஹொக்கைடோவின் நியூ சிட்டோசேயிலும் கடும்பனி நாளில் அதே கதைதான். சிங்கப்பூர் விமானத்துக்கு முந்தைய இரவே கிறைஸ்ட்சர்ச்சுக்கோ ஆக்லாந்துக்கோ வந்து தங்கிவிடுங்கள், ஜப்பானில் என்றால் டோக்கியோவில். திங்கட்கிழமை வேலையும் பள்ளியும் இருக்கிறது என்றால் சனிக்கிழமையே சாங்கியில் இறங்குகிற மாதிரி டிக்கெட் போடுங்கள், ஒரு ஞாயிறு முழுக்க ஈரத் துணியைத் துவைத்துக் காயப் போடவே சரியாக இருக்கும்.